ஒரு விதியை நீக்கினால் எது மிஞ்சும்?



செயற்கை நுண்ணறிவு என்றாலே கணினி புதிதாகக் கற்பதைப் பற்றியே பேசுகின்றோம். கற்ற ஒன்றைக் கைவிடுவது அதனினும் கடினம். அதனை ஆராயும் துறையின் வேர்களுள் ஒன்று சட்ட நூல்களில் இருக்கின்றது என்பதே என்னைக் கவர்ந்த செய்தி.

அர்ஜென்டினாவின் சட்ட மெய்யியலாளர் கார்லோஸ் அல்ச்சுரோனும் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஏரணவியலாளர் டேவிட் மேக்கின்சனும் 1981இல் சட்ட விதிகளின் படிநிலை குறித்து ஒரு கட்டுரை எழுதினர். ஒரு விதியை நீக்கிய பின்னும், மற்ற விதிகள் சேர்ந்து அதனையே மீண்டும் பிறப்பிக்கக்கூடும். அவற்றுள் எதனைக் கைவிடுவது? விடை பெரும்பாலும் ஒன்றாக இராது. சுவீடன் நாட்டு மெய்யியலாளர் பீட்டர் யார்டன்ஃபோர்ஸ் வேறு வழியாக இதே சிக்கலுக்கு வந்து சேர்ந்தார். மூவரும் 1985இல் வெளியிட்ட கோட்பாடு, அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ‘ஏ.ஜி.எம்.’ எனப்படுகின்றது. ஒரு நம்பிக்கையை நீக்குவது ‘சுருக்கம்’. முரண்படும் புதுச் செய்தியை ஏற்று மற்றவற்றைச் சீர்செய்வது ‘திருத்தம்’. சுருக்கத்திற்கு அவர்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று ‘மீட்பு’: நீக்கியதை மீண்டும் சேர்த்தால், இழந்தவை யாவும் திரும்ப வேண்டும்.

ஆனால், முழு ஏரணம் கணினிக்குப் பெருஞ்சுமை. ஆகவே, 1951இல் ஆல்ஃபிரட் ஹார்ன் ஆராய்ந்த எளிய வாக்கிய வகை பயனுக்கு வந்தது. 1972இல் உருவான புரோலாக் கணினிமொழி இவ்வகை வாக்கியங்களாலானது. ‘இவை உண்மையெனில் இது உண்மை’ என அதில் கூறலாம். ‘இது அல்லது அது’ என முடிக்க இயலாது.

இக்குறை எங்கே தைக்கின்றது? ஒரு பள்ளி நூலகத்தைக் கொள்வோம். ‘மாணவர் எனில் உறுப்பினர்’. ‘உறுப்பினர் எனில் நூல் இரவல் பெறலாம்’. இரண்டும் சேர்ந்து ‘மாணவர் எனில் இரவல் பெறலாம்’ என்ற முடிவைத் தரும். இம்முடிவை நீக்க, இரண்டாம் விதியைக் கைவிடுகிறோம். பின்னர் மனம் மாறி, அம்முடிவை மட்டும் மீண்டும் சேர்க்கிறோம். மாணவரின் உரிமை திரும்பிவிட்டது. உறுப்பினராகிய ஆசிரியரின் உரிமையோ திரும்பவில்லை! (நம்மவர் நிலை எங்கும் இதுதான் போலும்.) முழு ஏரணமாயின், ‘உறுப்பினர் எனில் அவர் இரவல் பெறலாம், அல்லது அவர் மாணவர்’ என்ற மெலிந்த வாக்கியத்தை மிச்சம் வைத்திருக்கும். நீக்கியதைச் சேர்த்ததும் பழைய விதி முழுமையாக உயிர்பெறும். அவ்வாக்கியம் ‘அல்லது’ கொண்டு முடிவதால், ஹார்ன் மொழியில் எழுதவே இயலாது.

மீட்பு நெறி முழு ஏரணத்திலேயே சர்ச்சைக்குரியது. 1987இல் மேக்கின்சனே அதன் தகுதியை ஆராய்ந்து எழுதினார். எனினும், இங்கு அது தவறுவதற்குச் சொல்வளக் குறைவே காரணம் என்பது மொழியாசிரியர்களாகிய நாம் கவனிக்கத்தக்கது.

ஹார்ன் சுருக்கத்தை ஜேம்ஸ் டெல்கிராண்ட் 2008இல் முறையாக ஆராய்ந்தார். அடுத்த ஆண்டே பூத், மேயர், வர்சின்சாக் ஆகியோர் அவர் விட்ட இடைப்பட்ட வழிகளையும் சேர்க்க வேண்டுமென்றனர். திருத்தத்திலும் இடர் இருந்தது. ஒன்றைத் திருத்த, அதன் மறுதலையை முதலில் சுருக்குவதே வழக்கமான முறை. ஹார்ன் வாக்கியத்தின் மறுதலையோ பல வேளைகளில் ஹார்ன் வாக்கியமாக இராது. 2011இல் டெல்கிராண்டும் பாவ்லோஸ் பெப்பாஸும் மற்றொன்றையும் காட்டினர்: ஏ.ஜி.எம். நெறிகளை மட்டும் பின்பற்றினால், ‘அதைவிட இது ஏற்புடையது’ என்னும் வரிசை வட்டமாகச் சுழன்று தொடங்கிய இடத்திற்கே வரக்கூடும். அதனைத் தடுக்கத் தனியே ஒரு நெறியைச் சேர்த்தனர்.