முஸ்தபா கடையும் ஒரு ரூபா காயினும்

இந்த எபிசோட் ஒரு வீடியோ கேம் கடையைப் பத்தி. கூடவே, "இது திறமையா, அதிர்ஷ்டமா?"ங்கிற ஒரு பழைய வழக்கைப் பத்தியும்.

முதல்ல கேம். ஜப்பானோட கேப்காம் கம்பெனி 1993-ல வெளியிட்டது, பேரு 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஆம்பூர்லயோ வாணியம்பாடியிலயோ இந்தப் பேரைச் சொன்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. 'முஸ்தபா'ன்னு சொல்லிப் பாருங்க, நாப்பது வயசு அண்ணன்கூட சேரை இழுத்துப் போட்டு உட்காருவார்.

மார்க் ஷுல்ட்ஸ்ங்கிற அமெரிக்கர் வரைஞ்ச 'செனோசோயிக் டேல்ஸ்' காமிக்ஸ்தான் இதுக்கு மூலம். அதுல நாயகன் ஜாக் டென்ரெக். கேம்ல நாலு பேர்ல ஒருத்தரை எடுக்கலாம்: ஜாக், ஹன்னா, மெஸ், முஸ்தபா கைரோ. மெஸ் பலசாலி, முஸ்தபா வேகக்காரன். ஓடி வந்து பறந்து உதைப்பான். அதனால எல்லாரும் அவனைத்தான் எடுத்தாங்க. நாயகன் பேரு போய், இவன் பேரே கேமுக்கு வந்துடுச்சு. தமிழ்நாட்டுல மட்டுமில்ல, இந்தியாவுல பல ஊர்கள்ல இதே கதைதான்.

ஆம்பூர்ல இதுக்குக் கூடுதலா ஒரு காரணம் இருந்ததுன்னு எனக்குத் தோணும். எங்க வகுப்புலயே ஒரு முஸ்தபா இருந்தான். அமெரிக்கக் காமிக்ஸ், ஜப்பான் போர்டு, அதுக்குள்ள நம்ம தெருப் பையன் பேரு. டிவியில வந்த எந்த சூப்பர்ஹீரோவுக்கும் அப்படி ஒரு பேரு நாங்க கேட்டதில்லை.

பெட்டிக்குள்ள என்ன இருந்தது?

நான் போனது 2000-களோட நடுவுல. பாதி இறக்கின ஷட்டர், உள்ளே நாலு மரப்பெட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு பழைய டிவி டியூப், ஜாய்ஸ்டிக், தேய்ஞ்ச பட்டன். ஒரு காயின் ஒரு ரூபா. ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிச்சு வர்ற அண்ணன்களும், டியூஷனுக்குக் கிளம்பின நாங்களும் ஒரே பெட்டி முன்னாடி வரிசையில நிப்போம்.

இப்போ சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறதால அந்தப் பெட்டியை வேற கண்ணோட பார்க்கிறேன். பல ஆர்கேட் போர்டுகள்ல டிப் ஸ்விட்ச்னு குட்டிக் குட்டி ஸ்விட்ச் வரிசை ஒண்ணு இருக்கும். ஒரு காயினுக்கு எத்தனை ஆட்டம், எத்தனை உயிர், எதிரி எவ்வளவு கஷ்டம், எல்லாத்தையும் கடைக்காரர் அதுல மாத்திக்கலாம். நேத்து சுலபமா தாண்டின லெவல் இன்னைக்கு உதைச்சா, தப்பு உங்க கைமேலதான்னு சொல்லிட முடியாது. இந்த ஸ்விட்சை ஞாபகம் வச்சுக்கோங்க, கோர்ட்டுக்குப் போகும்போது தேவைப்படும்.

நியூயார்க்கில் சுத்தியல்

பொருட்காட்சியில ஆணி அடிச்ச சாய்வுப் பலகையில குண்டு விடுற விளையாட்டைப் பார்த்திருப்பீங்க. அது பகடெல் குடும்பம். 1871-ல மான்டேகு ரெட்கிரேவ் அதுல ஸ்பிரிங் வச்ச உந்துகோலைச் சேர்த்து அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் பின்பால். எங்க தலைமுறை அதைப் பார்த்தது பிரவுசிங் சென்டர்ல, விண்டோஸ் எக்ஸ்பியோட வந்த 'ஸ்பேஸ் கேடட்'ல.

1942 ஜனவரியில நியூயார்க் மேயர் லா கார்டியா பின்பாலைத் தடை பண்ணார். இது சூதாட்டம், பள்ளிப் பிள்ளைங்க காசைப் பிடுங்குதுங்கிறது அவர் வாதம். போலீஸ் இயந்திரங்களைச் சுத்தியலால உடைச்சாங்க. பந்தைத் தட்டித் திருப்புற 'ஃபிளிப்பர்' 1947-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி ஆடுறவர் கையில இருந்த கட்டுப்பாடு ரொம்பக் கொஞ்சம். அதனால மேயர் சொன்னதை முழுசா அபத்தம்னு தள்ளிட முடியாது.

தடை நீங்கினது 1976-ல. ரோஜர் ஷார்ப்ங்கிற பத்திரிகையாளர் நகர சபை முன்னாடி ஆடிக் காட்டினார். உந்துகோலை இழுத்து, "பந்து நடு வழியில போகும்"னு முன்கூட்டியே சொன்னார். போச்சு. இது திறமைதான்னு சபை ஒத்துக்கிச்சு.

நம்ம ஊர் சட்டம்

அதே கேள்வி இங்கயும் இருந்தது. தமிழ்நாட்டுல சூதாட்டத்துக்கான அடிப்படைச் சட்டம் 1930-ல வந்தது. வீடியோ கேம் கடைகள் பெருகினப்போ, கர்நாடகத்துல 1989-ல வந்த லைசன்ஸ் உத்தரவை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1995-ல எம்.ஜே. சிவானி வழக்கில அரசு இந்தக் கடைகளை ஒழுங்குபடுத்தலாம்னு தீர்ப்பு வந்தது. இயந்திரத்துல கை வச்சு முடிவை மாத்த முடியுங்கிறது முக்கியமான கவலை. நம்ம டிப் ஸ்விட்ச்தான்! அடுத்த வருஷமே, தமிழ்நாட்டுல இருந்து போன லட்சுமணன் வழக்கில, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததுன்னு அதே நீதிமன்றம் சொல்லிச்சு.

இந்த விவாதம்தான் பின்னாடி நம்ம போனுக்குள்ள வந்தது. ஆன்லைன் ரம்மியில காசை இழந்து நடந்த தற்கொலைகளுக்கு அப்புறம், 2022-ல நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது. தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுல அடங்காதுன்னு சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் அந்தக் கேள்வியையே ஓரங்கட்டிடுச்சு: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை.

எனக்கு இதுதான் சரியான இடம்னு தோணுது. முஸ்தபா கடை ஒண்ணும் புனிதமான இடம் இல்லை. அதுவும் பிள்ளைங்க காசுலதான் ஓடுச்சு. நாம செத்ததும் எண்ண ஆரம்பிச்சு இன்னொரு காயின் கேட்கும். ஆனா பாக்கெட்ல மூணு ரூபா இருந்தா, இழப்பு மூணு ரூபாதான். அதுக்கு மேல கடைக்காரரே "வீட்டுக்குப் போடா"ம்பார். பின்னாடி பத்துப் பேர் பார்த்துட்டு நிப்பாங்க. போன்ல அந்தப் பத்துப் பேரும் இல்லை, காயின் தீர்ந்துபோறதும் இல்லை. திறமையா அதிர்ஷ்டமாங்கிறதைவிட, எங்கே நிறுத்துவோம்ங்கிறதுதான் பெரிய கேள்வி.

பிளேஸ்டேஷனும் போனும் வந்ததும் அந்தக் கடைகள் சத்தமில்லாம மூடிடுச்சு. நியூயார்க்ல உடைச்ச மெஷினுக்குப் போட்டோ இருக்கு. எங்க ஊர் கடைக்கு என்கிட்ட ஒரு போட்டோகூட இல்லை. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க: உங்க கடை எந்தத் தெருவுல இருந்தது, காயின் எவ்வளவு, எப்போ மூடுச்சு? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துடலாம்.