அச்சும் ஆக்சிலும்

ரிம் மாற்றி, 40 கம்பிகளையும் புதிதாகக் கோத்து, கோட்டம் எடுத்து முடித்த பழைய புல்லட்டின் பின்சக்கரம் வண்டியில் ஏற வேண்டும். டிரம்முக்குள் லைனர் தேய்த்தாயிற்று, குடத்துக்குள் ரப்பர் துண்டுகள் உட்கார்ந்தாயிற்று. இனி எல்லாம் ஓர் உருக்குத் தண்டின் பொறுப்பு. ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே, குடத்தை ஊடுருவிக் கிடக்கும் அந்தத் தண்டைச் சென்னை மெக்கானிக் ஆக்சில் என்பார். இந்த வண்டி முதலில் பிறந்த இங்கிலாந்தின் பழைய கையேடுகளில் அதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். தமிழில் அது அச்சு.

அச்சு தமிழில் மிகப் பழைய சொல். திருக்குறளில் வண்டியின் அச்சு ஓரிடத்தில் வருகிறது, தேரின் அச்சாணி இன்னோரிடத்தில் வருகிறது. வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றிய வண்டியில் முதலில் முறிவது சக்கரமல்ல, அச்சு. வினைத்திட்பத்தில், உருவம் சிறிதென்று யாரையும் இகழாதே என்று சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொண்டது பெருந்தேரின் அச்சாணி. பாரம் எங்கே விழும், எது கழன்றால் எல்லாம் கவிழும் என்பதை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும்.

எனக்கு இவ்விரண்டையும் விட நெருக்கமானது புறநானூற்றின் 102ஆம் பாட்டு. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியோட்டிப் போகிற உப்பு வணிகர்கள், வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டி வைத்துக்கொள்வார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். பாட்டின் தலைவன் பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். சேமம் என்றால் பாதுகாப்பு. இன்று அந்த இடத்தில் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்ற பெயருள்ள தெருவில் 1904இல் தொடங்கிய மாற்றுச் சக்கர வணிகத்தின் பெயர் அது. சேம அச்சு என்ற சொல் நமக்கு இருந்தும் ஒரு தெருவின் பெயர் வந்து நிலைத்துவிட்டது எனக்கு வருத்தம்தான்.

அச்சு என்ற சொல் எங்கிருந்து வந்தது? வெல்லம் வார்க்கிற அச்சும் புத்தகம் அடிக்கிற அச்சும் வேறு. வண்டி அச்சைத் தமிழ் லெக்சிகன் அக்ஷம் என்ற வடசொல்லோடு இணைக்கிறது. தக்ஷன் தச்சன் ஆனது போல அக்ஷம் அச்சு ஆயிற்று என்பது அந்த வழியில் வரும் விளக்கம். அதன்படி, வண்டி செய்கிறவரின் பெயரும் வண்டியைத் தாங்குவதன் பெயரும் ஒரே ஒலிமாற்றத்தில் தமிழாயின. இவை தமிழ் வேரிலேயே முளைத்தவை என்போரும் உண்டு. அக்ஷம் என்பதை ஏற்றுக்கொண்டால் ஒரு பெரிய குடும்பம் தெரியவருகிறது. கிரேக்கத்தில் ஆக்ஸோன், லத்தீனில் ஆக்ஸிஸ், பழைய நார்ஸ் மொழியில் ஓக்ஸுல். அந்த நார்ஸ் சொல்லின் வழியே ஆங்கிலத்துக்கு வந்ததுதான் ஆக்சில். புல்லட் கடையில் நாம் அந்நியச் சொல் என்று நினைப்பது அச்சின் ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேறு வேறு பாதையில் நடந்து, கடைசியில் ஒரே பின்சக்கரத்தின் நடுவில் வந்து சந்தித்திருக்கின்றன.

சொல்லைப் போலவே பொருளும் பழையது. ஸ்லோவேனியாவில் லியூப்லியானா அருகே சதுப்பு நிலத்தில் 2002இல் ஒரு மரச்சக்கரமும் அதன் அச்சும் கிடைத்தன. வயது சுமார் 5,150 ஆண்டுகள். அந்தச் சக்கரத்தின் நடுத்துளை வட்டமல்ல, சதுரம். அதாவது அச்சும் சக்கரமும் ஒன்றாகவே சுழன்றன. இன்றைய ரயில் சக்கரமும் அப்படித்தான். நம் மாட்டுவண்டி வேறு வகை: அதில் அச்சு அசையாது, சக்கரம் மட்டும் அதன் மேல் சுற்றும். புல்லட்டின் பின்சக்கரமும் இந்த இரண்டாம் வகை. அதனால், சுழலும் கதிரைக் குறிக்கிற ஸ்பிண்டில் என்ற பெயரை அசையாத இந்தத் தண்டுக்கு வைத்தது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. தமிழில் நூற்கிற கதிர் கதிராகவே இருந்தது. சக்கரத்துக்குள் அது நுழையவில்லை.

மாட்டுவண்டிக்காரர்கள் பேச்சில் அச்சுக்கு இருசு என்ற இன்னொரு பெயரும் உண்டு. அதைச் சுற்றி ஒரு முழுச் சொற்கூட்டமே இருந்தது. நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைக்கும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா, சக்கரம் வெளியே நழுவாமல் தடுக்கும் கடையாணி. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இருசில் பூசுவது மசகு. அப்போதைய கிரீஸ் அதுதான். மசகெண்ணெய் என்று இன்று பெட்ரோல் நிலையப் பலகையில் படிப்பது அந்த மசகின் நீட்சி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துத் தயாரிப்பாளரோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாகத் தொடங்கியபோது உதிரிப்பாகப் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. சொற்கள் பெட்டியோடு வந்தன. குடம் ஹப் ஆனது, வட்டை ரிம் ஆனது. கோட்டம் மட்டும் போகவில்லை. வளைவைக் குறிக்கும் இந்தப் பழஞ்சொல் சைக்கிள் கடைகளில் இன்றும் நாள்தோறும் புழங்குகிறது.

அச்சு போனது வேறெங்கோ. பள்ளிக்கூடத்தில் பூமிக்கு அச்சு உண்டு, வரைபடத்தாளில் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் உண்டு, வரலாற்றுப் புத்தகத்தில் அச்சு நாடுகள் உண்டு. உருக்கில் கையால் தொடக்கூடிய அச்சு இருக்கிற ஒரே இடத்தில்தான் அந்தச் சொல் இல்லை. பட்டறைத் தமிழில் கையேடு எழுதுகிறவர்கள் அச்சு என்றே எழுத வேண்டும் என்பது என் ஆசை. ஆக்சில் என்று பேசுவதில் தவறில்லை, ஆனால் அச்சு என்று படித்தவனுக்கு வேலை இன்னும் தெளிவாகப் புரியும்: நிலையாக நிற்பது எது, சுழல்வது எது என்று அந்தச் சொல்லே பிரித்துக் காட்டுகிறது.

பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது சக்கரம் மாட்டும்போது தெரியும். மசகின் வேலையை இப்போது இரண்டு பேரிங்குகள் செய்கின்றன. ஒவ்வொன்றின் உள்வளையமும் அச்சோடு நிற்க வேண்டும், வெளிவளையம் குடத்தோடு சுற்ற வேண்டும். இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவே ஒரு குழல் இருக்கும். புதிய பேரிங் போடும் அவசரத்தில் அதை விட்டுவிட்டு நட்டை இறுக்கினால், உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். சக்கரம் சுற்றும், ஆனால் பேரிங் சில நூறு கிலோமீட்டரிலேயே இரைய ஆரம்பித்துவிடலாம். அச்சின் இரு முனையிலும் நத்தை ஓடு போன்ற வளைவுடைய செயின் அட்ஜஸ்டர்கள் உண்டு. இரண்டிலும் ஒரே பல் வரும்படி திருப்பினால் சக்கரம் நேராக நிற்கும் என்று கணக்கு. ஐம்பது வருட வண்டியில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. முன் டயரிலிருந்து பின் டயர் வரை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பி கோத்தவர் ரிம்மைக் குடத்திலிருந்து சரியான தூரத்தில் நிறுத்தினாரா என்பதும் அப்போதுதான் தெரியும்.

செயினின் தொய்வை அதன் இறுக்கமான இடத்தில் அளந்துகொண்டு, அச்சின் நட்டை முதலில் பாதி இறுக்கத்தோடு விட வேண்டும். பிறகு ஒருவர் பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்க, பிரேக் ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் வந்து அமரும். அந்த நிலையில் நட்டை முழுக்க இறுக்கி, பிரேக் தட்டை ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் நட்டையும் மறக்காமல் இறுக்க வேண்டும். பிந்தையது கழன்றிருந்தால் முதல் பிரேக்கிலேயே தட்டும் சக்கரத்தோடு சுற்றிவிடும்.