பழைய காடியும் நம்மவர் கைத்திறனும்



பரிசளிப்பு விழா மலரில் ஒரு வாத்தியார் பழைய மோட்டார் காடியைப் பற்றி எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதலாம், எழுதவும் வேண்டும். “ஒழுங்காப் படிக்கலேன்னா வொர்க்‌ஷாப்புல கரி பூசிக்கிட்டுத்தான் நிக்கணும்” என்று பிள்ளைகளை ஏசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தப் பேச்சு சரிதானா என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு பார்ப்போம், வாருங்கள்.

காடியின் கதையில் நம் கதை

1877-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் நமது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908-இல் அமெரிக்காவில் போர்டு கம்பெனி ‘மாடல் டி’ காடியை வெளியிட்டது. காடி பெருகப் பெருக டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். அதற்காகவே காடழித்துத் தோட்டங்கள் திறந்தார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து பால் வெட்டினார்கள். காடியில் ஏறிப் போனவர் துரை. அந்தக் காடி உருள்வதற்குப் பால் கொடுத்த மரத்தை வெட்டியவர் நம்மவர். இதை மறக்கலாகாது.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. முள்வேலிக்குள் புதுக்கிராமங்கள் எழுந்தன. நமது குனோங் ராபாட்டும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில், லண்டன் மோட்டார் கண்காட்சியில் மோரிஸ் மைனர் என்ற சிறிய காடி முதன்முதலாக மேடையேறியது.

அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். மாதிரிக் காடியைச் செய்து முடித்த பிறகு, அகலம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. உடனே அந்தக் காடியை நெடுக்கே இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பழைய மைனரின் போனட்டை உற்றுப் பாருங்கள். நடுவில் தட்டையான ஒரு பட்டை ஓடும். அந்த 4 அங்குலத்தின் அடையாளம் அது! ‘செய்தாயிற்று, இனி என்ன செய்வது’ என்று இருந்துவிடாமல், குறை கண்ட இடத்தில் திருத்திய துணிவைப் பாருங்கள். பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காடி என்ற பெயரும் பின்னாளில் மைனருக்குக் கிடைத்தது.

கையின் படிப்பு

துரை காடியை ஓட்டிவிட்டுப் பங்களாவுக்குள் போய்விடுவார். அதைக் கழுவி, எண்ணெய் மாற்றி, மறுநாள் காலையில் ஓட வைத்தவர் யார்? தோட்டத்து டிரைவரும் பிட்டருந்தான். அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே ‘இது பிளக் கோளாறு, இது பெட்ரோல் வரவில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் ஒரு படிப்புத்தானே!

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். பிந்திய மைனர் காடியில் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். அளவு தப்பினால் எஞ்சின் இருமும், திணறும். இது நமக்குப் புதிதா என்ன? பால் வெட்டும்போது பட்டையைச் சற்று ஆழமாகச் சீவிவிட்டால் மரத்தில் காயம் விழும். மேலாகச் சீவினால் பால் குறையும். அந்த மயிரிழை அளவைக் கருக்கலில் தலைவிளக்கு வெளிச்சத்தில் பிடித்த கை நம் பெற்றோர் கை. அந்தக் கைக்கு ஸ்பேனர் ஒரு பாரமா?

பொழுதுபோக்காகப் பழைய காடி வைத்திருப்போர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும், அவர்களோடு சேர்ந்து கற்கும் இளைஞர்களும் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, துரு. மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடல் தகடே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே அடித்தகட்டில் துரு பிடித்தால் மேலே சாயம் பூசி மறைக்கக் கூடாது. வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, ரப்பர். வெயிலும் எண்ணெயும் ரப்பருக்கு எமன். குழாய், புஷ், கண்ணாடி விளிம்பு ஆகியவற்றை அடிக்கடி தடவிப் பார்த்து, வெடிப்புக் கண்டவுடன் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பேட்டரி. இன்றைய காடிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். மைனர் வெளிவந்த காலத்தில் அதில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டது. இது தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் கருகிப் போகும்.

நான்காவது, உயிர். வெறும் ஜாக்கை நம்பிக் காடிக்கு அடியில் போகவே கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். மாணவர்களே, இதை எந்நாளும் மறவாதீர்கள்.

உலகம் காட்டும் உதாரணங்கள்

இதெல்லாம் ஆம்பளைங்க வேலை என்று பெண் பிள்ளைகள் ஒதுங்க வேண்டாம். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் செய்த மூன்று சக்கரக் காடியில் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் வைத்துத் தரச் சொன்னார். உலகின் முதல் நெடுந்தூரக் காடிப் பயணத்தில் பழுது பார்த்தவர் ஒரு தாய்!

நம் தமிழகத்தில் பிறந்த ஜி. டி. நாயுடுவை அறிவீர்கள். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. முழுக்கக் கழற்றி மறுபடியும் மாட்டினார். அந்தக் கைதான் 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கி, பின்னர் பல இயந்திரங்களையும் உருவாக்கியது. இன்று கோயம்புத்தூரில் அவர் பெயர் சொல்லும் பழைய கார் காட்சியகமே இருக்கிறது.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-இல் வாங்கிய தம் வால்வோ காடியிலேயே 2013-இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். அவரிடம் மந்திரம் ஏதும் இல்லை. எண்ணெய் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றினார், அவ்வளவுதான். தினமும் செய்யும் சிறு கவனம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியது

1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. பழைய ஐரோப்பியக் காடிகள் மெல்ல மெல்ல வீட்டுக் கொட்டகைக்குப் போயின. தோட்டங்களும் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறின. காடியைத் தேடிப்பிடித்துக் காப்பாற்ற ஆள் உண்டு. அதை ஓட வைத்த தாத்தாமார்களின் அறிவைக் காப்பாற்ற யார் உண்டு? அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கண்மூடினால் அந்தப் படிப்பும் அவர்களோடு போய்விடும்.

ஆகவே மாணவர்களே! உங்கள் லயத்தில், தாமானில் பழைய டிரைவரோ பிட்டரோ இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். “தாத்தா, அந்தக் காலத்துல காடி நின்னுட்டா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அது அச்சேறட்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சைக்கிளைக் கழற்றிப் போட்டால் ஏசாதீர்கள். திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இந்நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் 1969-இல் நம் ஈப்போவிலேயே தொடங்கப்பட்டது. கைத்தொழிலுக்கும் இன்று சான்றிதழ் உண்டு, மரியாதை உண்டு. புத்தகப் படிப்பு அற்றவனுக்கு மிச்சமிருப்பது வொர்க்‌ஷாப் என்று சொல்லாதீர்கள். புத்தகமும் வேண்டும், ஸ்பேனரும் வேண்டும். நம் முன்னோருக்கு ஸ்பேனர் மட்டுமே கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!