உயிர் காலேஜிலிருந்து வண்டலூருக்கு: சென்னை விலங்குக் காட்சியகத்தில் காட்சிமுறை மாற்றம்

முன்னுரை

சென்னை விலங்குக் காட்சியகத்தின் வரலாற்றில் 1985ஆம் ஆண்டு பொதுவாக இடமாற்றத்தின் ஆண்டாகவே பேசப்படுகிறது. நெரிசல் மிகுந்த நகர நடுவிலிருந்து விலங்குகள் வண்டலூர்க் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பதோடு அவ்விவரிப்பு நின்றுவிடுகிறது. விலங்கைக் காட்டும் முறை மாறியதிலிருந்து பிரித்து அவ்விடமாற்றத்தை விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இரு காலேஜுகள்

சென்னை மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சியகத்தை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். இப்பெயர்கள் இன்று வேடிக்கையாகவே நினைவுகூரப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் ஒரு நிறுவன வரலாறு பதிந்துள்ளது. அருங்காட்சியகம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் தொடங்கப்பட்டது. எல்லிஸின் பணிகளால் தமிழாய்வாளர் நன்கறிந்த கல்லூரி அது. பின்னர் 1854இல் பாந்தியன் வளாகத்திற்கு அருங்காட்சியகம் பெயர்ந்தது. 'காலேஜ்' என்னும் சொல் அந்தப் பழைய கட்டடத்திலிருந்தே உடன் வந்தது எனக் கருத இடமுண்டு.

அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரள்வதைக் கண்டு 1855இல் அவ்வளாகத்திலேயே காட்சியகத்தை உருவாக்கினார். கர்நாடக நவாபின் விலங்குகளையும் கேட்டுப் பெற்றுச் சேர்த்தார். பாடம் செய்த உடலும் மூச்சுவிடும் உடலும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் அது. பேழைக்கும் கூண்டுக்கும் அன்று நோக்கத்தில் வேற்றுமை இல்லை: பார்வையாளர் அருகில் நின்று, மறைவின்றி, முழு உருவத்தையும் காண வேண்டும். 1860களின் தொடக்கத்தில் ஆளுநர் டிரெவிலியன் காலத்தில் அமைந்த மக்கள் பூங்காவுக்கு உயிருள்ளவை மட்டும் சென்றன. இரட்டைப் பெயர்கள் இப்பிரிவையே குறிக்கின்றன எனலாம்.

கம்பியும் அகழியும்

மக்கள் பூங்கா 116 ஏக்கர். காட்சியகம் அதில் ஒரு பகுதி மட்டுமே. 1900இல் மூர் மார்க்கெட்டும் 1913இல் ரிப்பன் கட்டடமும் அப்பகுதியில் எழுந்தன. இச்சுருங்கிய இடத்திற்குக் கம்பிக் கூண்டு பொருந்திற்று. ஒரு புலிக்குச் சில அடி நிலம் போதும். புலிக்குப் போதுமா என்பது அன்று கேட்கப்படாத கேள்வி. கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் திறந்த காட்சியகம் கம்பியை நீக்கி அகழியை வைத்தது. அகழிக்கு அகலம் வேண்டும். அதற்கப்பால் விலங்கு உலவ நிலம் வேண்டும். நகர நடுவில் இதற்கு வழியில்லை.

1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1979இல் பணி தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். பழைய பூங்கா முழுவதையும்போல் இது ஏறத்தாழப் பதினொரு மடங்கு. இங்கே அகழிக்கு அப்பால் புதர் நிழலில் படுத்திருக்கும் விலங்கைக் காணாமலே பார்வையாளர் திரும்ப நேரிடலாம். கூண்டின் காலத்தில் இது காட்சியகத்தின் குறையாகவே கொள்ளப்பட்டிருக்கும். இப்போதோ ஒளிந்துகொள்வது விலங்கின் உரிமையாக அமைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல்தான் தோன்றியது என்பது இங்குக் கருதத்தக்கது. 2001இல் மீட்பு, மறுவாழ்வு மையத்திற்கென மேலும் நிலம் சேர்ந்து பரப்பு 602 ஹெக்டேர் ஆயிற்று. காட்டுவதற்கென்று அல்லாது காப்பதற்கென்றே ஒரு பகுதி காட்சியகத்தில் ஒதுக்கப்பட்டது.

விலங்குக்கு நேர்ந்த இந்நன்மைக்கு நகரம் ஒரு விலை கொடுத்தது. சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியவர் நடந்தே சென்று பார்த்த காட்சியகம், நகர நடுவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் விலகி, ஒரு நாள் பயணமாயிற்று. 'உயிர் காலேஜ்' என்னும் பெயரும் உடன் செல்லவில்லை. புதிய இடத்தை மக்கள் 'வண்டலூர் ஜூ' என்றே அழைக்கின்றனர். எழும்பூரில் 'செத்த காலேஜ்' தன் இணையின்றி நிற்கிறது.