குழந்தைகளுக்கான சளியிளக்கி மருந்துகள்: பாதுகாப்பின் வரலாறு

சளியிளக்கி என்பது மூச்சுக்குழாயில் கட்டியுள்ள சளியை இளக்கி, இருமலுடன் வெளியேற உதவும் மருந்தாகும். குவைஃபெனெசின், புரோமெக்சின், அம்புரோக்சால் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. தமிழர் இல்லங்களில் இருமலுக்குப் பயன்பட்டுவரும் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோமெக்சின் உருவாக்கப்பட்டது. அம்புரோக்சால் அதன் வழிவந்தது.

கரைப்பானில் இருந்த நஞ்சு

மருந்துப்பாகின் ஆபத்து மருந்தில் மட்டுமின்றி, அதைக் கரைக்கும் நீர்மத்திலும் இருக்கக்கூடும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை டையெத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றனர். இனிப்பான அந்நீர்மம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விற்பனைக்கு முன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் 1938-இல் வந்தது.

ஆயினும் நஞ்சு திரும்பி வந்தது. 2022-இல் காம்பியாவில் இருமல் மருந்து உள்ளிட்ட பாகுகளால் குழந்தைகள் பலர் இறந்தனர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்கள் உட்கொண்ட இருமல் மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசின் ஆய்வில் அதில் 48.6 விழுக்காடு டையெத்திலீன் கிளைக்கால் கண்டறியப்பட்டது.

வயது வரம்பு

நெடுங்காலம் பெரியவர்களின் அளவில் பாதி, கால் எனக் கணக்கிட்டே குழந்தைகளுக்கு மருந்து தரப்பட்டது. குழந்தைகளிடம் போதிய ஆய்வு நடக்கவில்லை. 2008-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், கடையில் நேரடியாக வாங்கும் இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது என எச்சரித்தது. 2010-இல் பிரான்சு, சளியை இளக்கும் சில மருந்துகளை அவ்வயதினருக்குத் தடுத்தது. இளகிப் பெருகும் சளியை இருமி வெளியேற்றும் வலிமை கைக்குழந்தைக்கு இல்லை என்பதே காரணம். இந்தியாவிலும் 2025 அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இம்மருந்துகள் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என நடுவண் அரசு அறிவுறுத்தியது.

இன்றைய நடைமுறை

குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானே தணியும். மருத்துவர் மருந்து எழுதினால், வீட்டுக் கரண்டியால் அல்லாமல் உடன்வரும் அளவுமூடியாலேயே அளக்க வேண்டும். ஒரே மருந்துப்பொருள் உள்ள இரு பாகுகளைச் சேர்த்துத் தரலாகாது. மருந்து தந்தபின் சிறுநீர் குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, குழந்தை அளவுமீறித் தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புட்டியையும் எடுத்துச் செல்வது நல்லது.