பிள்ளைப்பேற்றுத் தூய்மைச் சடங்கு

பிள்ளை பெற்ற தாயை மீண்டும் ஆலயத்தில் வரவேற்று ஆசீர்வதிக்கும் கிறித்தவச் சடங்கு இது; அருளடையாளங்களுள் ஒன்றன்று. இதன் வேர் விவிலியத்தின் லேவியராகமம் 12ஆம் அதிகாரம். ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாளும் பெண் பிள்ளை பெற்றவளுக்கு 80 நாளும் தீட்டுக்காலம் என்பது அதன் விதி. அது முடிந்ததும் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் செலுத்த வேண்டும். ஏழைகளுக்கு இரண்டு புறாக்கள் போதும். இயேசுவின் தாய் மரியாள் செலுத்தியது ஏழைகளின் காணிக்கையே (லூக்கா 2:24). பிப்ரவரி 2ஆம் நாள் திருவிழா அந்நிகழ்வை நினைவுகூர்கிறது.

மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளத்திலிருந்து வருவதே என்ற இயேசுவின் போதனைக்குப் (மாற்கு 7) பின்னும் இந்தத் தீட்டு வழக்கம் நீடித்தது. பிள்ளை பெற்ற அதே நேரத்தில் ஆலயம் புகுந்தாலும் பாவமில்லை எனத் திருத்தந்தை முதலாம் கிரகோரி கூறியதாகப் ஆங்கிலத் துறவி பீடு எழுதிய திருச்சபை வரலாறு பதிவு செய்கிறது. நடைமுறை அந்த அளவுக்கு இளகவில்லை. 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலின்படி, எரியும் மெழுகுவர்த்தியுடன் தாய் வாசலில் முழந்தாளிடுவாள்; குரு தீர்த்தம் தெளித்து, தம் தோள்துகிலின் இடது முனையை அவள் கையில் தந்து உள்ளே அழைத்துச் செல்வார். மன்றாட்டுகள் நன்றியையே பேசின. வாசலில் நிறுத்தும் முறையோ தீட்டை நினைவூட்டியது.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூலில் ‘தூய்மைப்படுத்தல்’ என்றிருந்த தலைப்பு, 1552இல் ‘நன்றி செலுத்தல்’ என மாறியது. ஆயினும் அத்திருச்சபையின் தீவிரச் சீர்திருத்தவாதிகளான பியூரிட்டன்கள் இச்சடங்கை எதிர்த்தனர். கத்தோலிக்கத்தில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தாய்க்கான ஆசீர் குழந்தைத் திருமுழுக்குடன் இணைக்கப்பட்டது. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபை இன்றும் ஆண் குழந்தைக்கு 40ஆம் நாளிலும் பெண் குழந்தைக்கு 80ஆம் நாளிலும் திருமுழுக்கு அளிக்கிறது.