உதியன்குளங்கரையில் ஸ்பிட்ஃபயர் ஓடியதா?

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகும் நெடுஞ்சாலையில், அமரவிளையைத் தாண்டி வருவது உதியன்குளங்கரை. சந்தைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் "ஸ்போர்ட்ஸ் கார் வீடு எது?" என்று கேட்டால் கை நீட்டி வழி சொல்வார்கள். கூரை இல்லாத, இரண்டு கதவு வைத்த சிவப்பு வண்டி ஒன்று களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பறந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த வண்டி இப்போது வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பேரன் அதை வீட்டிலேயே பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முனைந்திருக்கிறார்.

"சாரே, இது இங்கிலாந்து வண்டி. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். எங்க பாட்டா சாகும்வர அப்படித்தான் சொன்னாரு" என்றார் அவர். ஆவணங்களைத் தேடிப் பிழைப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார். வண்டியின் முன்புறத்தில் பெயர்ச்சின்னம் இல்லை. ஆர்.சி. புத்தகம் எப்போதோ கரையான் தின்றுவிட்டது. வண்டி எது, எந்த ஆண்டு பிறந்தது என்று காகிதத்தோடு நிரூபிக்க வேண்டும். இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

வெறும் ஆர்வத்துக்காக மட்டும் அவர் கேட்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் பிறந்த உருவத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்தால் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டியாக இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் சுங்கத் துறையின் இறக்குமதிச் சீட்டும் கேட்பார்கள். ஆகவே 'ஸ்பிட்ஃபயரா இல்லையா' என்ற கேள்விக்கு ஊர்ப்பேச்சில் எந்தப் பதிலும் இருக்கலாம்; அலுவலக மேசையில் ஒரே பதில்தான்.

முதல் சந்தேகம் எனக்கு அங்கேயே வந்தது. 1960களில் இந்தியாவுக்குள் வெளிநாட்டுக் கார் வருவது அத்தனை எளிதல்ல. தூதரகங்களில் ஓடி முடிந்த கார்களை அரசு வாணிபக் கழகம் விற்றது. அப்படி வந்த வண்டியென்றால் எங்காவது ஒரு சீட்டு, ஒரு ரசீது தங்கியிருக்கும். இந்த வீட்டின் டிரங்குப் பெட்டியில் நிலப் பட்டா முதல் கல்யாண மொய்க் கணக்கு வரை எல்லாம் இருந்தது. சுங்கச் சீட்டு மட்டும் இல்லை.

எனவே பெட்டியை மூடிவிட்டு வண்டியிடமே போனேன். சேசிஸ் எண் தகடு ஆணியோடு பிடுங்கப்பட்டிருந்தது. இன்ஜினை மாற்றலாம், பெயிண்டை மாற்றலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை யாரும் சுலபத்தில் மாற்ற மாட்டார்கள். டேப்பைப் பிடித்தோம். ஸ்பிட்ஃபயருக்கு அது 83 அங்குலம். இந்த வண்டிக்கு 91.5 அங்குலம் காட்டியது. உதியன்குளங்கரையின் ஸ்பிட்ஃபயர் அந்த எட்டரை அங்குலத்தில் கரைந்துபோனது. 91.5 என்பது டிரையம்ப் ஹெரால்டின் அளவு.

பேரனின் முகம் வாடியது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: பாட்டா சொன்னது முழுப் பொய் அல்ல. ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் கோவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு 1950களில் ஒரு நெருக்கடி. அவர்களுக்குக் கார் உடல் செய்துகொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அச்சடித்துத் தர ஆளில்லை. அதனால் பழைய முறைக்குத் திரும்பி, அடியில் தனி சேசிஸ் வைத்து, அதன் மேல் துண்டு துண்டாக வந்த உடல் பாகங்களைப் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளிவந்தது. அதே சேசிஸைக் குறுக்கி மிக்கெலோட்டி ஒரு இரண்டு இருக்கை வண்டியும் வரைந்து கொடுத்தார். காசில்லாமல் அந்த மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. கம்பெனியை வாங்கிய லேலண்ட்காரர்கள் துணியை விலக்கிப் பார்த்து 'இதைச் செய்யுங்கள்' என்றார்கள். அதுதான் 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஸ்பிட்ஃபயர். முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் முழு பானெட், நாலு பக்கமும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் ஹெரால்டின் வழி வந்தவை.

இந்த ஹெரால்டு எங்கே பிறந்தது? வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் கார் செய்துவந்தது. 1961 முதல் 1971 வரை அங்கே ஹெரால்டு தயாரானது. பெயர் மட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடின. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில்கூட இல்லாத நாலு கதவு ஹெரால்டை நம் ஊருக்கென்றே செய்தார்கள். நம் வண்டிக்கு இரண்டு கதவு. ஆகவே அதற்கு முந்தியது. 1972இல் வந்த கஸல் என்னும் அடுத்த மாடலில் பின் அச்சே வேறு. ஹெரால்டில் பின் சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரு பிளேட் செட்டு தாங்கும். நம் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவில்லை என்று கஸலில் ஒரே தண்டு அச்சாக்கிவிட்டார்கள்.

களியக்காவிளையிலிருந்து வந்த முதிய மேஸ்திரி ஜாக்கியைப் பின்னால் கொடுத்துத் தூக்கினார். இரண்டு பின் சக்கரங்களும் கீழ்ப்பக்கம் உள்ளுக்கு மடங்கித் தொங்கின. "இத ஒரு தடவ பாத்தவன் மறக்க மாட்டான் சாரே. வளைவுல வேகமா ஒடிச்சா இதுதான் காலை வாரும்" என்றார். கஸல் இல்லை என்பது அத்தோடு முடிந்தது.

இன்ஜின் மிச்சம். தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் இன்ஜின் எண் எஃப்.சி. என்ற எழுத்துகளோடு தொடங்கும். இங்கே எண் அடித்த இடத்தை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஹெட்டைக் கழற்றச் சொன்னேன். கார்பன் கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் பிஸ்டன் தலையில் '040' என்று எழுத்து எழுந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு ஓவர்சைஸ். அதாவது முன்பே ஒரு முறை போரிங் செய்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தியிருக்கிறார்கள். வெர்னியர் 64 மி.மீ. காட்டியது. ஒன்றைக் கழித்தால் 63. ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜினுக்கு போர் 63, ஸ்ட்ரோக் 76. ஸ்பிட்ஃபயரின் 1147 சி.சி. இன்ஜினுக்கு ஸ்ட்ரோக் அதே 76தான், போர் 69.3. எத்தனை முறை போரிங் போட்டாலும் 63 மில்லிமீட்டர் 69 ஆகாது. மேலே இருந்ததும் ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். ஸ்பிட்ஃபயருக்கு இரட்டை எஸ்.யூ. வண்டியும் இன்ஜினும் ஒரே கதையைச் சொல்லின.

அப்படியானால் கூரை எங்கே? எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த இடம் இது. இங்கிலாந்தில் ஹெரால்டிலேயே திறந்த மாடலும் வந்தது. நம் வண்டி பிறக்கும்போதே திறந்ததா, பிறகு திறக்கப்பட்டதா? முன்கண்ணாடியின் மேல் சட்டத்தில் உப்புத்தாளை வைத்துப் பொறுமையாகத் தேய்த்தோம். சிவப்புக்குக் கீழே சாம்பல் பிரைமர், அதற்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே வெளிர்நீலம். பட்டி உதிர்ந்த இடத்தில் வரிசையாக வட்டத் துளைகள். பின் இருக்கைக்குப் பின்னாலும் அதே போல. ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. ஸ்பானர் வைத்திருப்பவன் ஒரு மதியத்தில் கழற்றிவிடலாம். பாட்டா அதைத்தான் செய்திருக்கிறார். கழற்றி, துளைகளைப் பட்டியால் அடைத்து, சிவப்பு அடித்து, சின்னத்தைப் பிடுங்கி, ஒரு சென்னை ஹெரால்டை ஊருக்கு ஸ்போர்ட்ஸ் காராக்கியிருக்கிறார். பெருங்களத்தூரில் கிடைக்காத வண்டியைத் தன் வீட்டு முற்றத்திலேயே உண்டாக்கிக்கொண்ட அந்த மனிதர் மீது எனக்கு மரியாதைதான் கூடியது.

ஆனால் உலோகம் ஆண்டைச் சொல்லாது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் தேதி எண் இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் உதிரிப் பாகத்தின் தேதி அந்தப் பாகத்துக்கு மட்டுமே சாட்சி. காகிதம் வேண்டும். பின்பக்க நம்பர் பிளேட்டின் பெயிண்டைச் சுரண்டியதில் கே.எல்.டி. என்று கிடைத்தது, திருவனந்தபுரத்தின் பழைய எழுத்து. இன்று இந்த ஊர்களுக்குப் பாறசாலையில் கே.எல்.19, நெய்யாற்றின்கரையில் கே.எல்.20 என்று தனி எண்கள் இருக்கின்றன. 1960களில் எல்லாம் திருவனந்தபுரத்துப் பேரேட்டில்தான் ஏறின. அந்தக் கைப்பிரதிப் பேரேடுகளில் உள்ளவை தாமாகக் கணினிக்குப் போய்விடுவதில்லை. உரிமையாளர் புதுப்பிக்க வரும்போதுதான் அந்த வரி மறுபடி உயிர் பெறும். வராத வண்டி பேரேட்டிலேயே கிடக்கும்.

பேரேட்டைப் பார்க்க மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களில் திருவனந்தபுரம் மாநில மத்திய நூலகத்தில் பழைய செய்தித்தாள் தொகுதிகளைப் புரட்டினேன். அதே நகரத்தில் அதே காலத்தில் நடந்த இன்னொரு கதை மனதை விட்டு நகரவில்லை. கே.ஏ. பாலகிருஷ்ண மேனன் என்பவர் அரவிந்த் ஆட்டோமொபைல்ஸ் என்ற தன் பட்டறையில் 1960களின் நடுவில் ஒரு முழுக் காரையே செய்தார். 5,000 ரூபாய்க்கு ஒரு சின்னக் கார் தர முடியும் என்று நம்பி மத்திய அரசிடம் உரிமம் கேட்டார். கிடைக்கவில்லை; சிறிய கார் உரிமம் சஞ்சய் காந்தியின் மாருதிக்குப் போனது. மேனனின் கார் ஒன்று இன்றும் இருப்பதற்குக் காரணம் அவர் குடும்பம் அதை விற்காமல் வைத்திருந்து சீராக்கியதுதான். திருவனந்தபுரத்தில் கார் பிறந்தது என்பதற்கு அந்த வண்டியைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

கடைசியில் விடை மறுபடி டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. மொய்க் கணக்கு நோட்டுக்கு உறையாக மடித்துப் போட்டிருந்த தாள் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் இருந்தது ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனியின் பெயர். 1973 ஜனவரி முதல் நாள் பொதுக் காப்பீடு முழுக்க நாட்டுடைமையாகி நாலு அரசுக் கம்பெனிகளுக்குள் அடங்கியது. இவ்வளவு பழைய தாளில் தனியார் பெயர் இருந்தால் அது அதற்கு முந்தியதாகவே இருக்க முடியும். 50 ஆண்டு விதிக்கு அதுவே போதும். தாளில் வண்டியின் முழு எண்ணும் இருந்தது. அதை வைத்துத் தேடியதும் பேரேட்டு வரியும் அகப்பட்டது. தயாரிப்பு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நிறம்: நீலம். உடல் வகை: சலூன்.

'சலூன்' என்ற அந்தச் சொல் பேரனை இக்கட்டில் மாட்டிவிட்டது. பதிவு கூரையுள்ள வண்டிக்கு. நிற்பது கூரையில்லாத வண்டி. பிறந்த உருவத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பாட்டாவின் கைவேலையைக் காப்பதா, தொழிற்சாலையின் வேலையை மீட்பதா? நான் என் கருத்தைச் சொன்னேன்: கூரையை மாட்டுங்கள். போல்ட்டில் போனது போல்ட்டில் திரும்பி வரும். நாளைக்கு யாருக்காவது பாட்டாவின் வண்டி வேண்டுமென்றால் மறுபடி கழற்றிக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிட்ஃபயர் சின்னம் வாங்கி ஒட்டாதீர்கள். போலி ஸ்பிட்ஃபயரைவிட உண்மையான சென்னை ஹெரால்டு மேலானது. அவர் ஒப்புக்கொண்டார். சிவப்புப் பெயிண்டில் ஒரு கையகலத்தை டாஷ்போர்டின் அடியில் அப்படியே விட்டுவைப்பதாகவும் சொன்னார். அது நல்ல முடிவு.

இப்போது உடலும் சேசிஸும் தனித்தனியாகக் கிடக்கின்றன. சேசிஸின் பக்கக் கைகள் இரண்டு துருவில் அரித்துப்போய்விட்டன. இந்தப் பக்கத்து மழைக்கு அது தப்பாது. அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டில் செய்து வெல்டிங் வைக்கிறார்கள். பிரேக்கும் பிளேட் செட்டும் முடிந்தன.

பழைய காரைப் பிரிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் சேசிஸ் தகடு, இன்ஜின் எண், கதவு உறைக்குப் பின்னால் உள்ள பழைய பெயிண்ட் ஆகியவற்றைப் படமெடுங்கள். வீட்டில் பழைய ஆர்.சி. புத்தகமோ பாலிசித் தாளோ வரி ரசீதோ இருந்தால், வண்டி போய்விட்டாலும் தாளை வீசாதீர்கள். கூடவே, இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கூரை யார் தோட்டத்திலாவது, பட்டறையிலாவது கிடந்தால், ஆக்கர்க்கடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உதியன்குளங்கரையில் ஒரு வண்டி அதற்காகக் காத்திருக்கிறது.